ஒரு நொடியில் திரும்பும் லைன்

ஜூன் 18, புதன்

இன்று மத்தியானம் இரண்டே முக்காலுக்கு மூன்று மாவட்டங்களில் மின்சாரம் போனது. போனது எங்கள் பாறைக்குளம் துணை மின் நிலையத்திலிருந்துதான். கணவாய்க் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது, கூடவே சாரல். காற்றாலைகள் அத்தனையும் முழு வேகத்தில் ஓடின. அவை தரும் மின்சாரம் முழுவதும் எங்களிடமிருந்து இரண்டே லைன்கள் வழியாக வடக்கே போகிறது. முதல் லைன் ஏதோ பழுதில் விழுந்தது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது. அதன் பாரமும் தன் தலையில் ஏறியதில் இரண்டாம் லைன் தள்ளாடி, சில நொடிகளில் அதுவும் விழுந்தது. போக வழியில்லாத காற்றாலைகள் மளமளவென்று நின்றன. கட்டுப்பாட்டு அறையில் மணிகள் அடித்த அடியில் என் சர்க்கரை நானூறைத் தொட்டிருக்கும்.

எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர ஐந்தரை ஆனது. ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் ராஜகனி பதறாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். நிலையத்தின் பொறுப்புப் பொறியாளரான நான் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பகவதி கேட்டாள்: "ஒங்க ஆபீஸ்லதான் கரண்டே போச்சாம்லா?" இருபத்தெட்டு வருஷ சர்வீசுக்கு இந்த மரியாதையாவது மிஞ்சியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து போன்தான். யார் தவறு, யார் தவறு என்று எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள்.

இசக்கிமுத்துவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நாலு வருஷமாக இது பழக்கம். முன்பு ஹாட்லைன் கோஷ்டியில் இருந்தவர். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிற லைனிலேயே, அணைக்காமல், நீளமான காப்புக் கம்பு பிடித்து வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். ஒரு விபத்தில் இடது கை வெந்து இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. அதன் பிறகு இங்கே மாற்றிவிட்டார்கள். மணிக்கு ஒருமுறை மீட்டர் பார்த்து நோட்டில் எழுதுகிறார். நல்ல மனிதர்.

வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை.

ஜூன் 21, சனி

சர்க்கிள் ஆபீசிலிருந்து ரிலே பிரிவுப் பொறியாளர் பிலோமினா வந்திருக்கிறார். ரிலே என்பது லைனில் பழுது என்று பட்டால் உடனே லைனைத் துண்டிக்கச் சொல்லும் கருவி. அதற்குப் புத்தி சொல்வது இவர்கள் வேலை. நாற்பது வயது இருக்கும், மணப்பாட்டுக்காரர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கான்வாஸ் ஷூவும் ஒரு தூக்குவாளியுமாக இறங்கினார். என் அறையில் உட்காரச் சொன்னேன். "பெறவு உக்காருதேன் சார், மொதல்ல ரெக்கார்டரப் பாப்போம்" என்று நேராகப் பேனல் அறைக்குப் போய்விட்டார். மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் உளுந்தவடையை விசாரிப்பார்கள். இது புது ரகம். கொஞ்சம் முகம் சுளித்தேன், உண்மையைச் சொல்வதற்கென்ன.

மூன்று மணி நேரம் அந்த நெளிகோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பழுது வந்த அந்தச் சில நொடிகளை ரெக்கார்டர் துண்டு துண்டாகப் பதிந்து வைத்திருக்கும். எனக்கு அது டாக்டர் எழுத்து. அவருக்குக் கதைப் புத்தகம். ராஜகனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாருங்க, இந்த எடத்துலதான் ரெண்டாம் லைன் ஆட ஆரம்பிக்கி. இது பழுது இல்ல, பாரம் கூடுனதுல கரண்டு ஏறி எறங்குத வெறும் ஆட்டந்தான். ரிலேவுக்கு வித்தியாசம் தெரியல. பழுதுன்னு நெனச்சி நல்லா இருந்த லைனையும் அறுத்துப் போட்டுட்டு" என்றார். ராஜகனியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நான் அவருக்கு இரண்டு வருஷமாக எதையும் இப்படி உட்காரவைத்துச் சொன்னதில்லை.

ஜூன் 23, திங்கள்

பிலோமினா லைனை நடந்தே பார்க்கப் போவதாகச் சொன்னார். பழுது பதினோரு கிலோமீட்டரில் என்று ரிலே கணக்குச் சொல்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம். "கணக்கே சொல்லிட்டுல்லா மேடம்" என்றேன். "கணக்கு எடத்தத்தான் சொல்லும் சார், ஆளச் சொல்லாதுல்லா" என்றார். நானும் இசக்கிமுத்துவும் கூடப் போனோம். காற்று ஆளைத் தள்ளியது. என் தொப்பி போன திசையே தெரியவில்லை.

நாற்பத்திரண்டாம் கோபுரத்துக்கு அடியில், உடைமுள்ளுக்குள், பாதி கருகிய ஃப்ளெக்ஸ் பேனர் கிடந்தது. யார் வீட்டுக் காதுகுத்தோ. குழந்தையின் முகம் முழுசாக இருக்க, தாய்மாமன்மார்கள் எல்லாரும் எரிந்துபோயிருந்தார்கள். காற்று பிய்த்துக்கொண்டு வந்து லைனில் போட்டிருக்கிறது. நனைந்த பேனர் லைனையும் கோபுரத்தையும் ஒருசேரத் தொட்டதும் பொறி பறந்து, கருகிக் கீழே விழுந்துவிட்டது.

"எம்புட்டு நேரம் இருந்திருக்கும் இது லைன்ல?" என்று பிலோமினா கேட்டார்.

"கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள எரிஞ்சிருக்கும்மா" என்றார் இசக்கிமுத்து.

"அப்போ அடுத்த நொடி லைன் சுத்தமாத்தான் இருந்திருக்கு. தானா திரும்பி வந்திருக்கணுமே. ஏன் வரல?"

நான் தொப்பியைத் தேடப் போனேன்.

ஜூன் 24, செவ்வாய்

பிலோமினா எப்படியும் எழுதத்தான் போகிறார், நானே எழுதிவிடுகிறேன். ஒரு லைன் பழுதில் விழுந்தால், ஒரு நொடி விட்டு அதைத் தானாகத் திரும்பச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. ஆட்டோ ரீக்ளோஸ் என்போம். காற்று, பறவை, பேனர் என்று வருகிற பழுதுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நொடியில் போய்விடும். அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. எங்கள் முதல் லைனில் அந்தச் சுவிட்ச் ஆஃபில் இருந்தது. ரெக்கார்டர் அதையும் பதிந்து வைத்திருக்கிறது.

பிலோமினா எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார்: "எங்க ஊர்க் கோயில் சப்பரம் தூக்கதப் பாத்திருக்கியளா? ஒருத்தர் தோள் மாத்தணும்னா ஒரு எட்டு வைக்கிற நேரத்துல மாத்திரணும். அதுவரைக்கும் மத்தவங்க தாங்கிக்கிடுவாவ. ரெண்டு மூணு எட்டு ஆச்சின்னா சப்பரமே சாயும். புதன்கெழம நடந்தது அதுதான்."

ராஜகனிக்கு மெமோ வந்துவிட்டது. 'ஆட்டோ ரீக்ளோஸ் சுவிட்சை அனுமதியின்றி அணைத்து வைத்தமைக்கு' விளக்கம் கேட்டு. அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சேந்த நாள்லேந்தே அது ஆஃப்லதானே சார் இருக்கு? இங்க அப்படித்தான் வழக்கம்னுல்லா நெனச்சேன்" என்று என்னைக் கேட்டார்.

பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 25, புதன்

பிலோமினா இரண்டாம் லைன் ரிலேவுக்குப் புது அமைப்புப் போட்டார். இனி ஆட்டத்தைப் பார்த்தால் பொறுத்திருக்கும், பழுதைப் பார்த்தால் மட்டும் அறுக்கும். போட்டுவிட்டு நிறுத்தவில்லை. பொய்யான ஆட்டங்களை விதவிதமாகக் கொடுத்து நாற்பது தடவை சோதித்தார். முப்பத்தேழாவதில் ஒருமுறை தப்பாக அறுத்தது. நானாக இருந்தால் நாற்பதில் ஒன்றுதானே என்று கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் தூக்குவாளியைத் திறந்து, ஆறிப்போன புளிச்சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படி ஒரு ஆளோடு வேலை பார்க்கக் கிடைத்ததே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்றினேன். இன்னும் இழுக்கவில்லை. பகவதி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 26, வியாழன்

அந்தச் சுவிட்ச் எப்போதிலிருந்து ஆஃபில் இருக்கிறது என்று பிலோமினா பழைய நோட்டுகளைப் புரட்டினார். எதிலும் இல்லை. என்னையும் கேட்டார். "ரொம்ப நாளா அப்படித்தான்" என்றேன். பொய் இல்லை.

சாப்பாட்டு வேளையில் அவரும் இசக்கிமுத்துவும் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கை எப்படி ஆயிற்று என்று கேட்டிருப்பார் போல.

"என் தப்புதாம்மா. காத்துல கம்பு சாஞ்சி பொறி அடிச்சிட்டு. அடிச்ச ஒடனே கம்ப விட்டிருந்தா கை தப்பிச்சிருக்கும். நான் பயந்துபோயி விடாமப் புடிச்சிக்கிட்டே இருந்தேன்னு விசாரணைல எழுதிட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"விட்டுட்டேன்னுதான் சொன்னேன். மொத அடிக்கே விட்டேன். கம்பு சாஞ்சி என் கைகிட்ட வந்து நின்னுச்சி. அப்பொறந்தான் ரெண்டாவது அடி, கைய எரிச்சது அதுதான். ஆனா லைன் விழுந்தது ஒரே தடவன்னு பதிவு இருக்கு. அப்போ ரெண்டாவது அடி எங்கேந்து வரும்? அதிர்ச்சில அப்படித் தோணியிருக்கும்னாவ. சரின்னுட்டேன்."

"மொத அடிக்கும் ரெண்டாவது அடிக்கும் எம்புட்டு நேரம் இருக்கும்ணே?"

"என்னம்மா ஒரு... ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லுத நேரம்."

பிலோமினா மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அறிக்கையின் நகலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எல்லாம் தெளிவாக இருக்கிறது. 'சுவிட்சை அணைத்தவர்' என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார். "திங்கக்கெழம மத்தியானம் அனுப்பணும் சார். அதுக்குள்ள தெரிஞ்சா எழுதுதேன். இல்லன்னா மெமோல இருக்க பேர்தான் நிக்கும்" என்றார்.

ஜூன் 28, சனி

மோட்டார் சரியாகிவிட்டது. ஃபுட்வால்வில் குப்பை.

ஜூன் 29, ஞாயிறு

எழுதுகிறேன்.

ஹாட்லைன் வேலை நடக்கும்போது ஆட்டோ ரீக்ளோஸை ஆஃப் செய்ய வேண்டும். பொறி அடித்து லைன் விழுந்தால், ஆட்கள் மேலே இருக்கும்போது அது தானாகத் திரும்பி வரக் கூடாது. செய்ய வேண்டியவன் நான். இசக்கிமுத்துவுக்கு விபத்து நடந்த அன்று கோஷ்டி ஏறிவிட்டதாகப் போன் வந்தது. சரி என்றேன். அடுத்த போனில் மகளின் காலேஜ் சீட் விஷயம். அந்தப் பேச்சு முடிவதற்குள் மணி அடித்தது. ஒருமுறை. ஒரு நொடி விட்டு, லைன் தானாகத் திரும்பி வந்து, இன்னொரு முறை.

ஓடிப்போய் சுவிட்சை ஆஃப் செய்தேன். அப்போது அறையில் யாரும் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் சுவிட்ச் ஆஃபில் இருப்பதைப் பார்த்தார்கள். லைன் விழுந்தது ஒருமுறை என்று பதிவேட்டில் எழுதினேன். அது என் கையெழுத்து. அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சை நான் ஆன் செய்யவே இல்லை. பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத் தொடவே பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தை நிலையத்தின் வழக்கமாக ஆக்கிவிட்டேன்.

ஒரு மனிதனைக் கோழை என்று எழுதவைத்துவிட்டு, நாலு வருஷமாக டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

காலையில் பிலோமினாவிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். காலி வரியில் என் பெயரை எழுதினார்: தாணுமூர்த்தி, நிலையப் பொறியாளர்.

"தாங்க்ஸ்னு நான் சொல்ல மாட்டேன் சார். இது எனக்குச் செஞ்ச ஒதவி இல்ல. ராஜகனிட்ட நான் சொல்லிருதேன். அந்த அண்ணன்ட்ட நீங்கதான் சொல்லணும். பேப்பர் வந்து அவருக்குத் தெரியப்பிடாது."

இசக்கிமுத்து யார்டில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"அப்போ ரெண்டு அடி."

"ஆமா இசக்கி. ரெண்டு அடிதான்."

"நான் கம்ப விட்டுட்டேன்."

"விட்டுட்டிய. அதுல தப்பே இல்ல."

தன் இடது கையைப் பார்த்தார். பிறகு, "நாலு வருசம் சார். விட்டேன்னு எனக்கு நல்லாத் தெரியும். பேப்பர்ல விடலன்னு இருக்கு. யோசிச்சி யோசிச்சி, நான் பயந்தாங்கொள்ளிதான்னு நானே நம்பிட்டேன். கோஷ்டில ஒரு எடம் இருக்கு, கீழ நின்னு கயிறு பாக்குதியான்னு மேஸ்திரி வீட்டுக்கே வந்து கேட்டாரு. என்னைய நம்பி ஒருத்தன் மேல ஏறப்பிடாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் "பன்னெண்டு மணி ரீடிங் எடுக்கணும்" என்று அடுத்த மீட்டருக்குப் போனார்.

ஜூலை 1, செவ்வாய்

ஆட்டோ ரீக்ளோஸ் ஏற்பாட்டை நேற்று மாலை வரை சோதித்து, சரி என்று பிலோமினா எழுதிக் கொடுத்துவிட்டார். சுவிட்சை ஆன் செய்ய வேண்டும். அவரே செய்வார் என்று நினைத்தேன். விலகி நின்று, "போடுங்க சார்" என்றார். ராஜகனி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சின்னக் கறுப்புக் குமிழ், கால் சுற்று. என் கை அதுவரை போய் இரண்டுமுறை திரும்பியது. மூன்றாம் முறை திருப்பினேன். மணி 10.12 என்று ராஜகனி எழுதினார்.

பிலோமினா மத்தியானம் கிளம்பிவிட்டார். அதே ஷூ, அதே தூக்குவாளி.

ஜூலை 2, புதன்

மேசையில் டீ ஆறிப்போயிருந்தது. இசக்கிமுத்து எடுத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான்.

ஜூலை 12, சனி

இன்று சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணி, மறுபடி அதே பேய்க்காற்று. முதல் லைன் விழுந்தது. மணி அடித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன், முழுசாக எழுந்து நிற்பதற்குள் லைன் திரும்ப வந்துவிட்டது. இரண்டாம் லைனின் முள் ஒருமுறை மேலே போய், கீழே வந்து, இன்னொருமுறை கொஞ்சமாக ஆடி, நின்றது. ரிலே பொறுத்திருந்தது. ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை. ராஜகனி "சார்! சார்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருடைய மெமோவைப் போன வாரம் ரத்து செய்துவிட்டார்கள். அதற்குக்கூட இவ்வளவு குதிக்கவில்லை.

பிலோமினாவுக்குப் போன் போட்டேன். பதிவை அனுப்பச் சொன்னார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டு, "அழகா இருக்கு சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். இரண்டு லைன்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்ட அந்த ஒரு நொடியை நானும் திரையில் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த நெளிகோடு எனக்குப் புரிந்தது. ஆமாம், அழகாகத்தான் இருந்தது.

வீட்டில் பகவதியிடம், மூன்று மணிக்குக் கரண்ட் எப்படி இருந்தது என்று கேட்டேன். "என்ன இருந்துச்சி? மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். மூன்று மாவட்டத்திலும் ஒருத்தருக்கும் தெரியாது. பிலோமினா செய்த வேலையின் பெருமை அதுதான்.

ஜூலை 24, வியாழன்

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அன்றே பதில் எழுதினேன். பழைய விசாரணை முடிவை ரத்து செய்து, 'தொழிலாளர் மீது தவறில்லை' என்று இசக்கிமுத்துவுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பதாக ராஜகனி சொன்னார். என்னிடம் இன்னும் பேசவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இசக்கிமுத்து ஹாட்லைன் கோஷ்டிக்கே திரும்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். என் வழியாகத்தான் போக வேண்டும். பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன். மருத்துவத் தகுதி பார்ப்பார்கள். விரல் இரண்டு மடங்காதே என்று ராஜகனி கவலைப்பட்டார். "மடங்குத எட்டு இருக்குல்லா" என்றாராம் இசக்கிமுத்து.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று முதல் லைனில் ஹாட்லைன் வேலை, நாற்பத்திரண்டாம் கோபுரத்துக்குப் பக்கத்தில். இசக்கிமுத்து கோஷ்டியில் சேர்ந்த பிறகு முதல் வேலை. கீழே நின்று கயிறு பார்ப்பதும் நிலையத்தோடு போனில் பேசுவதும் அவர் பொறுப்பு. அவர் சரி என்று சொன்னால்தான் ஆட்கள் மேலே ஏறுவார்கள்.

ஒன்பதரைக்கே ராஜகனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவிட்சை ஆஃப் செய்தேன். சிவப்பு அட்டையும் தொங்கவிட்டேன். ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன்.

"ஹாட்லைன் கோஷ்டி, இசக்கிமுத்து. முதல் லைன் ஆட்டோ ரீக்ளோஸ் ஆஃப் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு இசக்கி."

"எப்போ?"

"ஒம்பது முப்பத்தொண்ணு."

"யாரு பண்ணுனா?"

"நான்தான். நானே பண்ணுனேன்."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. மேலே ஏற வேண்டிய இரண்டு பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

"கூட யாரு இருந்தா?"

"ராஜகனி."

"போன அவர்ட்ட குடுங்க."

கொடுத்தேன்.